யார் கையில் விசில்? அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் தகுதி குறித்து

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



 இலக்கிய மன்றத்தின் நினைவுச் சொற்பொழிவு என்றால் கவிதை, நாவல், தன்வரலாறு என்று பேசுவதுதான் வழக்கம். நான் தலைப்பைச் சொன்னதும் அமைப்பாளர் போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "பி.பி.எட்., எம்.பி.எட். அதுவா தோழர்?" என்று கேட்டார். அதுதான் என்றேன். மாஸ்டர் பெயரால் நடக்கிற கூட்டத்தில் அதைப் பேசாமல் வேறு எங்கே போய்ப் பேசுவது?

நமக்கெல்லாம் அவர் மாஸ்டர். பின்னாளில் மன்றத்துக்கு வந்த இளைஞர்கள் பலர் அவரைத் தமிழாசிரியர் என்றே நினைத்திருந்தார்கள். சிறுபத்திரிகைகளில் எழுதினார், கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கறாராகக் கேள்வி கேட்டார், அதனால் அப்படித் தோன்றியிருக்கும். அவர் பி.டி. மாஸ்டர். எழுபதுகளில் பள்ளிக்கூட வேலைக்குப் போய், ஓய்வு பெறும் நாள்வரை விசிலோடு இருந்தவர். அவர் வேலை பார்த்த முதல் பள்ளியில் மைதானம் கிடையாது. கோடையில் வற்றிய ஏரி உள்வாயில் கயிறு பிடித்து அளந்து, வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைத் தூவி ஓடுபாதை போடுவார். மழை பெய்து ஏரி நிறைந்தால் அந்த ஆண்டு விளையாட்டு முடிந்தது. "நம்ம கிரவுண்டு தண்ணில முங்கிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர் எழுதாமல் விட்ட ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் குண்டு எறியக் கற்றுக்கொடுத்தார். முழங்கை கீழே தொங்குகிறது. அப்படியே எறிந்தால் தோள் பிசகிவிடும். மாஸ்டர் அவன் முழங்கையைப் பிடித்து உயர்த்தி நிறுத்தினார். மறுநாள் காலை அந்தப் பையனின் அப்பா நாலு பேரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். தலைமையாசிரியர் மாஸ்டரைக் கூப்பிட்டு, கோபப்படாமல், அக்கறையோடு சொன்னாராம்: "சொல்லிக் குடுங்க, வேணாம்னு சொல்லல. தொடாம சொல்லிக் குடுங்க."

ஒரு வாரம் மாஸ்டர் மூங்கில் குச்சியால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கை இங்கே, கால் அங்கே என்று. கபடிக்கு என்ன செய்வது? கபடி தொடுவதற்கென்றே உள்ள ஆட்டம். எட்டாவது நாள் தலைமையாசிரியர் அறைக்குப் போய், "பயிற்சியில எனக்கு எப்படிப் பிடிக்கச் சொல்லிக் குடுத்தாங்களோ அப்படித்தான் சார் பிடிச்சேன். பிடிக்கக் கூடாதுன்னா எழுத்துல குடுங்க. மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் வரும்போது காட்டறேன்" என்று சொல்லியிருக்கிறார். எழுத்தில் யார் கொடுப்பார்கள்? குச்சி ஓரமாகப் போனது. மாஸ்டர் மறுபடி பிள்ளைகளின் கையைப் பிடித்தார்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் இந்தச் சம்பவத்துக்குள்தான் இருக்கிறது. அவரைக் காப்பாற்றியது வீரம் மட்டுமில்லை. சென்னையில் ஓராண்டு படித்து வாங்கிய உடற்கல்விப் பயிற்சிச் சான்றிதழும், அதன் பேரில் அரசு கொடுத்த நிரந்தரப் பணி ஆணையும் அவர் பின்னால் நின்றன. சேரியிலிருந்து வந்த ஒருவர் ஊர்ப் பிள்ளைகள் முன்னால் விசில் ஊதுவதற்கு அந்த இரண்டு காகிதமும் வேண்டியிருந்தன. இன்று முதல் காகிதத்தைக் கேட்பவர்கள் இரண்டாவதைக் கொடுப்பதில்லை. முதல் காகிதமே நம் பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி வாசலில் ஒரு தடுப்பு நிற்கிறது. இந்த இரண்டையும்தான் பேசப் போகிறேன்.

கொஞ்சம் பழைய கதை. நம் தாத்தாக்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து வந்தவர். வரிசையாக நிற்க வைப்பார், கையைத் தூக்கு, காலை விரி என்பார், அடிப்பார். உடற்கல்வி என்பதைத் தனியாகப் படித்துவிட்டு வரவேண்டிய ஒரு துறையாக இங்கே நிலைநிறுத்தியது 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. பக் அமெரிக்கர். இன்று நந்தனத்தில் இருக்கிற அந்தக் கல்லூரிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. இந்தப் படிப்புக்கு நம் மண்ணில் நல்ல வேர் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். உடற்கல்விக்கு என்ன படிப்பு, பந்தைத் தூக்கிப் போட்டால் பிள்ளைகள் விளையாடிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படித்தவர்களிலேயே நிறையப் பேர்.

இன்றைய ஏணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு டி.பி.எட்.; முன்பு சி.பி.எட். என்ற ஓராண்டுச் சான்றிதழ். பட்டத்துக்குப் பிறகு பி.பி.எட். அதற்கும் மேலே எம்.பி.எட். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், அவருக்கு மேலே உடற்கல்வி இயக்குநர் நிலை இரண்டு, நிலை ஒன்று. மேல்நிலைப் பள்ளியின் நிலை ஒன்று பணியிடத்துக்கு, முதுகலை ஆசிரியர் தேர்வோடு சேர்த்தே ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. பி.பி.எட். படிப்பைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளில் இரண்டு ஆண்டாக்கியது. உடற்கூறியல், உடலியக்கவியல், விளையாட்டு மருத்துவம், நடுவர் பணி, பயிற்சி முறைகள், களப் பயிற்சி எல்லாம் அதற்குள் வருகின்றன. ஒரு பட்டதாரி மேலும் இரண்டு வருடம் செலவழித்துப் படிக்கிற படிப்பு இது.

இவ்வளவு படித்துவிட்டு வருபவருக்குச் சட்டம் எந்த நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறது? 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்கு ஆசிரியர் வேண்டும் என்கிறது. அங்கே இருக்கிற சொல் ஆசிரியர். அடுத்த வரியில் கலைக் கல்வி, உடல்நலமும் உடற்கல்வியும், பணிக் கல்வி மூன்றுக்கும் 'பகுதிநேரப் பயிற்றுநர்' என்று சொல் மாறுகிறது. ஆசிரியர் என்ற சொல்லே போய்விட்டது. சமூகவியல் படித்த பழக்கத்தில் இதைப் படிக்கும்போது எனக்கு ஊரின் அமைப்புதான் நினைவுக்கு வந்தது. தலையால் செய்கிற பாடங்கள் ஊருக்குள். கையாலும் காலாலும் உடம்பாலும் செய்கிற பாடங்கள் ஊருக்கு வெளியே, கூலிக்கு. இதை எழுதியவர்கள் சாதியை மனதில் வைத்து எழுதினார்கள் என்று சொல்லவில்லை. மனதில் வைக்காமலே இப்படித்தான் எழுத வருகிறது என்பதுதான் என் கவலை.

தகுதி விஷயத்திலும் அதே ஒதுக்கல். 2010 ஆகஸ்ட் 23ஆம் தேதி அறிவிக்கையில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. அந்தத் தகுதிகள் மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் போன்ற பாட ஆசிரியர்களுக்குத்தான், உடற்கல்வி ஆசிரியருக்கு 2001ஆம் ஆண்டு விதிமுறையில் உள்ளதே பொருந்தும் என்று அதிலேயே தனியாகப் பிரித்து வைத்தது. இன்னொரு தேர்வு மிச்சம் என்று சந்தோஷப்படலாம். தேர்வு எழுதிக் களைத்துப்போன பிள்ளைகளைப் பார்க்கிற எனக்கும் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் உண்டு. பிரித்து வைத்ததோடு அந்தப் பணியிடங்களைப் பற்றிய பேச்சே நின்றுபோனதுதான் நஷ்டம். தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பகப் பதிவு மூப்பு முறை மாறி, சிறப்பாசிரியர் தேர்வு என்று வந்தது. 2017இல் 600க்கும் மேற்பட்ட உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்களுக்குத் தேர்வு நடந்தது. அதற்குக் காத்திருந்து காத்திருந்து வயது கடந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள்.

அட்டவணைக்குத் திரும்புகிறேன், அங்கே இன்னொரு எண் இருக்கிறது. அந்தப் பகுதிநேரப் பயிற்றுநரும் எல்லாப் பள்ளிக்கும் கிடையாது. நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அவர்கூட இல்லை. அதாவது ஒரு குழந்தை ஓடவும் குதிக்கவும் விழாமல் தரையிறங்கவும் பழக வேண்டிய வயதில், அதைச் சொல்லிக்கொடுக்கப் படித்த ஆள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வரமாட்டார். ஆறு முதல் எட்டு வரை நூறு பேருக்குக் குறைந்த பள்ளிகள் எங்கே இருக்கின்றன? காலனிகளில், மலைக் கிராமங்களில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில். ஆதிதிராவிடர் நலத்துறை நடத்துகிற பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் சிறிய பள்ளிகள் எத்தனை என்று நம்மில் விடுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் எண்ணிக்கை ஏன் குறைகிறது? வசதியுள்ள பெற்றோர் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். போக முடியாதவர்கள் மிஞ்சுகிறார்கள். மிஞ்சியவர்கள் நூறுக்குக் குறைவு என்பதால் அவர்களுக்கு விளையாட்டுச் சொல்லித்தர ஆள் இல்லை.

அதே அட்டவணை எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் எல்லோருக்கும், மைதானத்தில் நிற்கிற ஆள் நூறு பேருக்கு மேல் இருந்தால் மட்டும். சமையலறை கட்டிக்கொடுத்துவிட்டு, பந்தியில் நூறு பேர் உட்கார்ந்தால்தான் சமையற்காரரை அனுப்புவோம் என்பது போல.

தமிழ்நாட்டில் இந்த விதியின்படி 2012இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி என்று. வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். அது மெல்ல உயர்ந்து 2021இல் 10,000 ஆனது, பிறகு 12,500. மே மாதம் சம்பளம் இல்லாமலே பல ஆண்டுகள் ஓடின. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அறிக்கையின் 181ஆம் வாக்குறுதி இவர்களைப் பணி நிரந்தரம் செய்வது. அந்த எண்ணைப் பதாகையில் எழுதிக்கொண்டு இவர்கள் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் எத்தனை முறை உட்கார்ந்தார்கள் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எடுத்த அரசு ஒன்று, உயர்த்திய அரசு இன்னொன்று. இரண்டும் நிரந்தரம் செய்யவில்லை. இதில் கட்சி பார்த்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

அவர்களில் ஒரு பெண்ணை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். பெயர் வேண்டாம், வேலைக்கு ஆபத்து. நம் தெருப் பிள்ளை. எம்.பி.எட். வரை படித்தவள். அப்பா கல்லுடைத்து, அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தார்கள். உதவித்தொகை கல்விக் கட்டணத்தைக் கட்டியது. ஷூவும் ஸ்பைக்கும் டிராக் சூட்டும் வெள்ளைச் சீருடையும் முகாம் செலவும் அவர்கள் தலையில். இப்போது மூன்று அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் தையல். மே மாதம் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். "மே மாசம் எனக்குப் பசிக்காதுன்னு கவர்மெண்ட் நெனைக்குது போலக்கா" என்றாள். அதைவிட அவளை அரித்தது வேறொன்று. போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் மற்றப் பள்ளி பி.டி. மாஸ்டர்கள் நடுவராக இவளைப் போடுவதில்லை. 'பார்ட் டைம்தானே' என்பார்களாம். "அவரு பி.பி.எட்., நான் எம்.பி.எட். அக்கா. கோடு போடற எடத்துல சுண்ணாம்பு எடுத்துக் குடுக்கச் சொல்றாங்க."

படித்து முடித்தவர் நிலைமை இது. படிப்புக்குள் நுழைவதற்கே என்ன வேண்டும் என்று பார்ப்போம். பி.பி.எட். சேர, விதிமுறைப்படி பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், கல்லூரிகளுக்கு இடையிலோ மண்டல, மாவட்ட, பள்ளி அளவிலோ அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் கலந்துகொண்டதற்கான சான்றும் வேண்டும். மாநில, தேசிய அளவில் ஆடியிருந்தால் 45 விழுக்காடு போதும். வேறு சில வழிகளும் உண்டு: உடற்கல்வியில் இளநிலைப் பட்டம், பட்டப் படிப்பில் உடற்கல்வியைப் பாடமாகப் படித்திருப்பது, ஏற்கெனவே ஆசிரியராக இருந்து அனுப்பி வைக்கப்படுவது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. ஆனால் மதிப்பெண்ணைத் தளர்த்தலாம், சான்றிதழையே எப்படித் தளர்த்துவது? விளையாடியதற்கான சான்றிதழ் ஒரு பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கிறது?

எனக்குக் கிடைக்காத கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலி. பி.டி. பீரியட் என்பது கணக்கு வாத்தியாரின் இரண்டாவது கணக்கு பீரியட், அல்லது பெண் பிள்ளைகள் மைதானத்து முள்ளைப் பொறுக்கிற பீரியட். யார் பொறுக்கினார்கள் என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. குறுவட்டப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து யாராவது போயாக வேண்டும் என்று கடிதம் வந்ததால் எங்களில் ஆறு பேரைப் பேருந்தில் ஏற்றினார்கள். கணக்கு வாத்தியார் கூட வந்தார். 800 மீட்டர் ஓடினேன். வெறுங்காலோடு. பக்கத்து நகரத்துப் பள்ளிப் பெண் ஒருத்தி எனக்கு முன்னால் முடித்தாள், நான் இரண்டாவது. பேரை எழுதிக்கொண்டார்கள். சாயங்காலம் மேசைக்குப் போய்ச் சான்றிதழ் கேட்டேன். "உங்க பி.டி. மாஸ்டர வரச் சொல்லு, மொத்தமாக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கட்டும்" என்றார்கள். எங்க ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர் இல்லைங்க சார் என்றேன். யார் வந்தார்களோ அவரை வரச்சொன்னார்கள். கணக்கு வாத்தியார் நாலு மணி பேருந்தைப் பிடித்து ஊருக்குப் போயிருந்தார்.

பி.ஏ. முடித்தபோது எனக்கு ஆசை உடற்கல்வி ஆசிரியர் ஆவதுதான். கல்லூரியிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன், விடுதிக்குப் பின்னால், தனியாக. மாலை வேலை பார்த்ததால் கல்லூரி அணியில் சேர முடியவில்லை. ஒரு உடற்கல்விக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் விளையாட்டுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, ஆனால் ஓடுவேன், வேண்டுமானால் ஓடிக் காட்டுகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "சர்டிபிகேட் இல்லாம பாரம் வாங்கி என்னம்மா பண்ணுவ, காசு வேஸ்ட்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பழைய பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். பதிவேடு என்று எதுவும் இல்லை. அடுத்த வருடம் எம்.ஏ. சமூகவியலில் சேர்ந்தேன்.

இதை மாஸ்டரிடம் சொன்னபோது அவர், "ஓடறதுக்கு நீயே போதும் பாப்பா. ஓடினன்னு கையெழுத்துப் போடத்தான் மாஸ்டர் வேணும்" என்றார்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாத பிள்ளை உடற்கல்வி ஆசிரியர் ஆக முடியாது. அவள் ஆசிரியராகி அந்தப் பள்ளிக்கே திரும்பி வந்திருந்தால் அடுத்த பிள்ளைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாள். பூர்தியு என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் சான்றிதழை நிறுவனமாக்கப்பட்ட பண்பாட்டு மூலதனம் என்பார். எம்.ஏ. வகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு அந்தக் குறுவட்டப் போட்டி மேசைதான் தெரிந்தது.

திறமை இருப்பதை ஒப்புக்கொள்வது வேறு, அதிகாரத்தைக் கொடுப்பது வேறு. இதற்கு பல்வாங்கர் பாலுவின் வாழ்க்கையைவிடத் தெளிவான சாட்சியம் கிடையாது. பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தில் பராமரிப்பு வேலை செய்த சமார் சாதி இளைஞர். வலைப்பயிற்சியில் அவர்களுக்குப் பந்து வீசி வீசியே பெரிய பந்துவீச்சாளர் ஆனார். பூனா இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, ஜெயிக்க வேண்டுமே. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கியெறிகிற மண் கோப்பையில். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்துவிட்டு வந்தார். இந்துக்கள் அணியின் தலைமை மட்டும் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. தம்பி விட்டலுக்கு 1923இல் கிடைத்தது, அதற்கு முன்னால் சகோதரர்கள் கோபித்துக்கொண்டு அணியைவிட்டு விலகிய சண்டையெல்லாம் நடந்தது. பாலுவைப் பாராட்டிய கூட்டங்களில் இளம் அம்பேத்கர் பேசியிருக்கிறார். பின்னாளில் 1937 தேர்தலில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள், அது தனிக் கதை.

பந்து வீசு, ஆனால் நடத்தாதே. அந்த எம்.பி.எட். பெண்ணிடம் சுண்ணாம்பு எடுத்துக் கொடு என்பது இதேதான்.

நம் தோழர்கள் சிலர் வேறு விதமாக யோசிக்கிறார்கள். இந்தப் பட்டமே எதற்கு, நம் தெருவில் கபடி ஆடுகிற அண்ணன்களையே பள்ளிக்கூடத்தில் விடலாமே, திறமை நம்மிடம்தானே இருக்கிறது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு, ஆடத் தெரியாத முப்பது பிள்ளைகளை வெயிலில் எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ரத்தசோகை இருக்கிற பெண் பிள்ளை எங்கே நிற்க வேண்டும், மூச்சிரைப்பு உள்ள பையனை எப்போது நிறுத்த வேண்டும், மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்வது என்பதெல்லாம் படித்துத்தான் வர வேண்டும். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். அவர்களுக்குத்தான் படித்த ஆசிரியர் அதிகம் தேவை. இன்னொன்று, தகுதி வேண்டாம் என்று சொன்ன இடத்திலெல்லாம் யார் உள்ளே வந்தார்கள்? பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரின் மச்சான் வந்தார். தகுதியும் இடஒதுக்கீடும் சேர்ந்து இருக்கிற இடத்தில்தான் மாஸ்டர் வந்தார்.

அந்தப் படிப்பின்மீது எனக்குப் பெரிய விமர்சனம் ஒன்று உண்டு. பி.பி.எட். பாடத்திட்டச் சட்டகத்தில் விளையாட்டு உளவியலும் சமூகவியலும் என்று ஒரு தாள் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன், அதில் சாதி பற்றி என்ன படித்தாய் என்று. யோசித்துவிட்டு, "குழு உணர்வு, தலைமைப் பண்பு படிச்சோம்கா" என்றாள். தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். 2019இலேயே பள்ளிக்கல்வித் துறை அதைப் பற்றிச் சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி கே.சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வரை பேச வேண்டியிருந்தது. இந்தக் கயிறுகளை முதலில் பார்க்கிறவர் யார்? மைதானத்தில் நிற்கிறவர். அணி பிரிக்கிறபோது யார் யாரோடு போய் நிற்கிறார்கள், ரெய்டு போனவனை யார் பிடிக்கத் தயங்குகிறார்கள், யார் பிடிக்கிற சாக்கில் அடிக்கிறார்கள், ஒரே பாட்டிலில் யார் தண்ணீர் குடிக்கவில்லை. வகுப்பறையில் தெரியாதது அங்கே பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்த்து என்ன செய்வது என்று அந்த ஆசிரியருக்கு ஒரு மணி நேர வகுப்பாவது எடுத்திருக்க வேண்டாமா? 'பைசன்' படத்தில் வருகிற உடற்கல்வி ஆசிரியரைப் பார்த்து அழுதவர்கள் நம்மில் உண்டு. அவரைப் போல ஒருவர் வாய்த்தால் அதிர்ஷ்டம் என்ற நிலையில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை விடக் கூடாது.

இனி என்ன கேட்பது? முதலில் அந்தப் 'பகுதிநேர' என்ற சொல். கல்வி உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் படியுங்கள். அட்டவணையைத் திருத்த நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டியதில்லை, ஒன்றிய அரசின் ஓர் அறிவிக்கை போதும். ஒன்றியம் திருத்தும்வரை மாநிலம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அட்டவணை சொல்வது குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் கொடுக்க யாரும் தடுக்கவில்லை. நூறு என்ற எண் நலத்துறைப் பள்ளிகளுக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் பொருந்தாது என்று மாநில அரசே ஆணையிடலாம். மூன்று சிறிய பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு முழுநேர ஆசிரியர் என்றாலும் எனக்குச் சம்மதம். பேருந்துப் பாஸோடு.

சான்றிதழ் விஷயத்தில் நான் கேட்பது இன்னும் எளிது. விதிமுறைப்படியே பி.பி.எட். சேர்க்கையில் உடல்தகுதித் தேர்வும் விளையாட்டுத் திறன் தேர்வும் உண்டு. நேரில் ஓடவிட்டுப் பார்க்கப் போகிறீர்கள். பிறகு பதினைந்து வயதில் ஓடியதற்கான காகிதம் எதற்கு? அதை எடுக்க முடியாதென்றால், உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியில் படித்தேன் என்று தலைமையாசிரியர் தருகிற சான்றையே தளர்வுக்குரிய காரணமாக ஏற்க வேண்டும். குறுவட்டம், குடியரசு தினம், பாரதியார் தினம் என்று எந்தப் போட்டியில் ஒரு பிள்ளை ஓடினாலும் அன்றைக்கே அவள் பெயர் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் ஏற வேண்டும். பிள்ளையின் ரத்த வகையை ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. யாருடைய கையெழுத்துக்கும், யாருடைய நாலு மணி பேருந்துக்கும் அவள் காத்திருக்கக் கூடாது.

இந்த மனுவை மன்றத்தின் சார்பில் பள்ளிக்கல்வித் துறைக்கும் நலத்துறைக்கும் கொடுக்கப் போகிறோம். அதற்குப் பின்னிணைப்பு வேண்டும். வாசலில் புத்தக மேசைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மாஸ்டரின் மகள் அங்கே உட்கார்ந்திருப்பார். போட்டியில் ஓடியோ ஆடியோ சான்றிதழ் கைக்கு வராதவர்கள் பள்ளி, வருடம், என்ன விளையாட்டு என்று எழுதிவிட்டுப் போங்கள். பள்ளியில் பி.டி. மாஸ்டரே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். முதல் வரியில் என்னுடையதை எழுதியிருக்கிறேன்: 800 மீட்டர், இரண்டாவது.